கவச உடை தைத்தாயிற்று. அணிந்தவர் கணக்கு எங்கே?

புதுதில்லி: 2020 செப்டம்பர் 14-ஆம் தேதி நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியபோது, பல ஆண்டுகள் அவை கண்ட மூத்த உறுப்பினர்களும் தங்கள் இருக்கை எது என்று தேட வேண்டியிருந்தது. இடைவெளி கருதி, ஓர் அவையின் உறுப்பினர்கள் மற்றோர் அவையின் கூடத்திலும் பார்வையாளர் மாடங்களிலும் பிரித்து அமர்த்தப்பட்டனர். இருக்கைகளையொட்டி ஒளி ஊடுருவும் தடுப்புகள் பொருத்தப்பட்டிருந்தன. எழுந்து நின்று பேசும் மரபு தளர்த்தப்பட்டு, அமர்ந்தபடியே பேச அனுமதி வழங்கப்பட்டது. முகக்கவசம், கையுறை, கிருமிநாசினி அடங்கிய பை உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்பட்டது. எல்லா ஏற்பாடுகளும் இருந்தன. கேள்வி நேரம் மட்டும் இல்லை.

எழுத்துப்பூர்வ வினாக்களுக்கு எழுத்துப்பூர்வ விடை தரப்படும் என்பதே அந்தக் கூட்டத்தொடரின் ஏற்பாடு. துணைக் கேள்வி எழுப்பி அமைச்சரைத் திக்குமுக்காட வைக்கும் வாய்ப்பு உறுப்பினர்களுக்கு இல்லை. இந்தச் சூழலில்தான், கொரோனா தொற்றுக்கு ஆளாகி எத்தனை மருத்துவர்கள், செவிலியர்கள், களப்பணியாளர்கள் இறந்தனர் என்ற வினாவுக்கு செப்டம்பர் 15-ஆம் தேதி மாநிலங்களவையில் விடை வைக்கப்பட்டது. சுகாதாரம் மாநிலப் பட்டியலைச் சேர்ந்த பொருள். இத்தகைய புள்ளிவிவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை என்று சுகாதாரத் துறை இணையமைச்சர் அஸ்வினி குமார் சௌபே தமது பதிலில் கூறியிருந்தார். பிரதமர் ஏழைகள் நலத் திட்டத்தின் கீழான காப்பீட்டைக் கோரியவை 155 குடும்பங்கள் என்றும், இறந்தவர்களில் 64 பேர் மருத்துவர்கள் என்றும் அந்தப் பதிலில் இருந்து தெரிந்தது.

அதாவது, காப்பீட்டு விண்ணப்பம் வந்து சேர்ந்த மரணம் மட்டுமே அரசின் பார்வைக்கு வந்த மரணம். மறுநாளே இந்திய மருத்துவச் சங்கம் 382 மருத்துவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டுக் கடுமையாக எதிர்வினை ஆற்றியது. அந்தப் பட்டியலில் மிக இளையவருக்கு 27 வயது. மிக மூத்தவருக்கு 85.

இதில் வியப்புக்குரியது வேறொன்று. அதே காலத்தில் அதே அரசிடம் இன்னொரு கணக்கு மிகத் துல்லியமாக இருந்தது. 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை மாநிலங்களுக்கும் மத்திய மருத்துவ நிறுவனங்களுக்கும் இலவசமாக வழங்கப்பட்ட கவச உடைத் தொகுப்புகள் 1.28 கோடி. ஜூலை மாதத்தில் அமெரிக்கா, பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம், செனகல், ஸ்லோவேனியா ஆகிய ஐந்து நாடுகளுக்கு ஏற்றுமதியானவை 23 லட்சம். உடைகளை எண்ணத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அந்த உடைகளுக்குள் இருந்தவர்களை எண்ணுவது மாநிலங்களின் வேலையாகத் தோன்றிவிட்டது.

மழைக்கோட்டும் ஹெல்மெட்டும்

எச்சரிக்கை முன்பே வராமல் இல்லை. 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் தலைகாட்டியபோது, நோய் பெரும்பாலும் பரவியது மருத்துவமனைகளுக்குள்ளேதான். தொடக்கத்தில் வந்த நோயாளிக்குப் பணிவிடை செய்த தாலுகா மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், தமக்கு என்ன நோய் என்று உறுதியாகும் முன்பே உயிரிழந்தார். என்ன நோய் என்று தெரியாத நிலையிலேயே பாதுகாப்பு தொடங்க வேண்டும் என்பதுதான் கோழிக்கோடு கற்பித்த பாடம். கேரளம் அதை ஓரளவு கற்றது. தில்லியில் அப்போது சுகாதார அமைச்சக வளாகமாக இருந்த நிர்மாண் பவனில் அந்தப் பாடம் எந்தக் கோப்பில் கட்டப்பட்டது என்பதைச் சொல்வது கடினம்.

நாட்டின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30-ஆம் தேதி கேரளத்தில் கண்டறியப்பட்டார். மறுநாளே, கவச உடைகள், முகக்கவசங்கள் உள்ளிட்ட பாதுகாப்புச் சாதனங்கள் அனைத்தின் ஏற்றுமதிக்கும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் தடை விதித்தது. வேகமான முடிவுதான். ஆனால் பிப்ரவரி 8-ஆம் தேதியே அறுவைச் சிகிச்சை முகக்கவசங்களுக்கும் சிலவகைக் கையுறைகளுக்கும் தடை தளர்த்தப்பட்டது. அந்த மாத இறுதியில் மேலும் சில பொருள்களுக்கு விலக்கு கிடைத்தது. முகக்கவசங்களுக்கும், அவற்றையும் கவச உடைகளையும் செய்யத் தேவையான மூலப்பொருள்களுக்கும் மார்ச் 19-ஆம் தேதி மீண்டும் தடை வந்தது. இடைப்பட்ட ஆறு வாரங்களைத்தான் எதிர்க்கட்சிகள் பின்னர் சுட்டிக்காட்டின. தர வரையறை காலத்தே கிடைக்கவில்லை, கொள்முதல் ஆணையும் தாமதம் என்று உள்நாட்டுத் தயாரிப்பாளர்களும் அப்போது வெளிப்படையாகக் குறைபட்டனர்.

மார்ச் 22-ஆம் தேதி மாலை 5 மணிக்கு நாடு கைதட்டியது, தட்டுகள் ஒலித்தன. கைதட்டலைப் பெற்றவர்கள் அந்த வாரம் எதை அணிந்திருந்தார்கள் என்பது மாத இறுதியில் வெளியான செய்திகளில் தெரிந்தது. கொல்கத்தாவில் மருத்துவர்களுக்குப் பிளாஸ்டிக் மழைக்கோட்டுகள் வழங்கப்பட்டன. ஹரியாணாவில் ஒரு மருத்துவர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் அணிந்து நோயாளிகளைப் பார்த்தார். முகப்புக் கண்ணாடி இறங்கியிருந்தால் முகத்துக்கு மறைப்பு கிடைக்குமே என்பது அவரது கணக்கு. ஆந்திரத்தில் என்95 முகக்கவசம் போதவில்லை என்று பகிரங்கமாகச் சொன்ன அரசு மருத்துவர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அடுத்த மாதம் அவரை நடுத்தெருவில் காவலர்கள் நடத்திய விதம் உயர் நீதிமன்றம் வரை சென்று, மத்திய புலனாய்வு அமைப்பின் விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது.

நாகபுரி மருத்துவர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், நோயாளிகளைக் கவனிக்கும் அனைத்து சுகாதாரப் பணியாளர்களுக்கும் உரிய பாதுகாப்பு உடைகள் கிடைப்பதை உறுதி செய்யுமாறு ஏப்ரல் 8-ஆம் தேதி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்குமாறும் நீதிமன்றம் கூறியது. ஆனால் உத்தரவு வந்த நாளில் நாட்டில் இருந்த கையிருப்பு சில லட்சங்களே. சீனாவிலிருந்து நன்கொடையாக வந்த 1.70 லட்சம் கவச உடைகளைப் பற்றி அதற்கு இரு நாள் முன்னதாகச் சுகாதார அமைச்சகம் அறிவித்திருந்தது. அவற்றில் சுமார் 50 ஆயிரம் உடைகள் குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகத்தின் தரச் சோதனையில் தேறவில்லை என்று சில நாள்களில் செய்தி வெளியானது. இரவல் சட்டை என்றாலும் அளவு பார்க்கத்தானே வேண்டும்.

ஊசி போட்ட துளை

கவச உடை என்றதும் துணிதான் நினைவுக்கு வரும். ஆனால் முதல் சில வாரங்களில் இந்தியாவைத் தடுமாற வைத்தது துணி அல்ல, தையல்.

இந்த உடைக்கான துணி தறியில் நெய்யப்படுவது அன்று. பாலிபுரொப்பிலீன் இழைகளை வெப்பத்தில் ஒட்டவைத்து உருவாக்கும் நெய்யப்படாத துணி. அதன் மேல் திரவம் புகாத மெல்லிய படலம் ஒட்டப்படுகிறது. அதைச் சட்டையாகவும் காற்சட்டையாகவும் தலைமூடியாகவும் இணைத்துத் தைக்கும்போது, ஊசி இறங்கிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு துளை விழுகிறது. ஓர் உடையில் இத்தகைய துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். துணி எவ்வளவு தரமானதாக இருந்தாலும், நோயாளியின் இரத்தமோ சளியோ தையல் வழியே உள்ளே புகும். ஆகவே தையலின் மீது ஒருவகை நாடாவை வைத்து வெப்பக் காற்றால் உருக்கி ஒட்ட வேண்டும். அந்த நாடாவும், அதை ஒட்டும் இயந்திரமும் இந்தியாவில் அரிதாக இருந்தன. ஆடை ஏற்றுமதியில் உலகப் புகழ் பெற்ற நாட்டுக்கு இது சற்று வெட்கம் தரும் கண்டுபிடிப்புதான்.

செயற்கை இரத்தத்தை அழுத்தத்துடன் செலுத்தி, உடை எந்த அழுத்தம் வரை தாங்குகிறது என்று பார்ப்பதே முதன்மையான சோதனை. தொடக்கத்தில் அந்தச் சோதனையைச் செய்யும் வசதி படைத்திருந்தது கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் என்னும் சிட்ரா. நாடெங்குமிருந்து மாதிரிகள் அங்கே குவிந்தன. பின்னர் குவாலியர் ஆய்வகமும், படைக்கலத் தொழிற்சாலைகளின் ஆய்வகங்களும் சேர்ந்துகொண்டன. தேறிய ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்த சான்று எண் தரப்பட்டு, அந்த எண் ஒவ்வோர் உடையிலும் அச்சிடப்பட வேண்டும் என்று ஜவுளி அமைச்சகம் விதித்தது. நாடா கிடைக்காத குறைக்கு, நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்படும் ஒட்டுப் பசையைக் கொண்டு மாற்று வழி கண்டது பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு. மும்பையில் கடற்படை மருத்துவர்கள் தாமே ஓர் உடையை வடிவமைத்தனர்.

அதன்பின் நடந்தது உண்மையிலேயே பெருமைக்குரியது. ஊரடங்கில் பூட்டிக் கிடந்த ஆடை ஆலைகள் பல கவச உடைக்கு மாறின. பெங்களூரு முன்னணியில் நின்றது. திருப்பூர், கோவை, சென்னை, லூதியாணா, பக்வாரா, ஆமதாபாத், வதோதரா, பிவண்டி, நொய்டா, கொல்கத்தா என்று உற்பத்தி பரவியது. ஏப்ரல் இறுதியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம். மே மாத நடுவில் நாலரை லட்சம். சீனாவுக்கு அடுத்து உலகிலேயே அதிகமாகக் கவச உடை தயாரிக்கும் நாடு இந்தியா என்று மே மாதத்தில் அரசு அறிவித்தது. ஜூன் இறுதியில், மாதம் 50 லட்சம் என்ற வரம்புடன் ஏற்றுமதிக்கும் கதவு திறந்தது. இரண்டே மாதங்களில் இதைச் சாதித்ததற்கு அரசையும் தொழில்துறையையும் பாராட்டாமல் இருப்பது நேர்மையாகாது. ஊர் திரும்ப வழியின்றியோ மனமின்றியோ தங்கிவிட்ட தையல் தொழிலாளர்களுக்கும் அந்தப் பாராட்டில் பங்குண்டு.

எனினும் ஒரு கேள்வி எழாமல் போகாது. தலை முதல் கால் வரை மூடும் இந்த உடை கொரோனாவுக்கு எந்த அளவுக்குத் தேவைப்பட்டது? எபோலா போன்ற, உடல் திரவங்களால் பரவும் நோய்களுக்கே முழு உடல் உடையும் இரட்டைக் கையுறையும் உரியவை. கொரோனா நோயாளிகளைக் கவனிக்க மேலங்கி, கையுறை, முகக்கவசம், கண் பாதுகாப்பு ஆகியவை போதும் என்பதே 2020-இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல். கொரோனா வந்தது மூச்சின் வழியே. அது காற்றில் மிதக்கும் நுண்துளிகளாலும் பரவும் என்பதை அந்த அமைப்பே தெளிவாகச் சொல்ல 2021 ஆகிவிட்டது. ஆக, இரத்தச் சோதனையில் தேறிய வெள்ளை உடை நாட்டின் அடையாளமாகிவிட்ட வேளையில், முகத்தில் சரியாகப் பொருந்தும் முகக்கவசமும் வார்டில் ஒரு சன்னலும் உரிய கவனத்தைப் பெறவில்லை. வால்வு வைத்த என்95 முகக்கவசங்கள் அணிபவரின் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடுகின்றன என்று மாநிலங்களுக்குச் சுகாதார அமைச்சகம் எழுதியது 2020 ஜூலை 20-ஆம் தேதி. அதற்குள் அவை லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்திருந்தன.

ஆறு மணி நேரம்

திரவம் உள்ளே புகாத உடையிலிருந்து வியர்வையும் வெளியேறாது. தில்லியில் ஜூன் மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கிருமி பரவும் என்ற அச்சத்தால் பல வார்டுகளில் குளிர்சாதனமும் நிறுத்தப்பட்டிருந்தது. உடை அணிந்த பிறகு தண்ணீர் குடிக்க முடியாது. கழிப்பறைக்குச் செல்ல முடியாது. கழற்றினால் அந்த உடை குப்பைக்குத்தான் போக வேண்டும். ஆகவே பணிக்கு வரும் முன்பே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. மாதவிடாய்க் காலத்தில் இருந்த பெண்களின் பாடு சொல்லத் தரமன்று. நாட்டின் செவிலியர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதை உடையின் வரையறையை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்ததற்கான அடையாளம் அந்த உடையில் இல்லை.

அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் செவிலியர் சங்கம் 2020 ஜூன் தொடக்கத்தில் போராட்டத்தில் இறங்கியது. சம்பள உயர்வு கேட்டு அன்று. கவச உடையுடன் ஆறு மணி நேரம் என்பதை எல்லாக் கொரோனா வார்டுகளிலும் நான்கு மணி நேரமாக்குங்கள் என்பதே முதன்மைக் கோரிக்கை. அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, மே 3-ஆம் தேதி, விமானப் படை ஹெலிகாப்டர்கள் நாடெங்கும் மருத்துவமனைகள் மீது மலர் தூவியிருந்தன.

மேலும், ஆபத்து அணிவதில் இல்லை, கழற்றுவதில் இருக்கிறது. வெளிப்புறம் முழுவதும் கிருமி படிந்ததாகக் கருதப்படும் உடையை, அந்த வெளிப்புறம் உடலில் படாமல் உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையே கை சுத்தம் செய்ய வேண்டும். முகக்கவசம் கடைசியாகத்தான் அகற்றப்பட வேண்டும். பொறுமையும் பயிற்சியும், அருகில் நின்று கவனித்துச் சொல்ல இன்னொருவரும் தேவை. ஆறு மணி நேரம் வியர்வையில் நனைந்து, தலை சுற்றும் நிலையில் வெளியே வருபவரிடம் அந்த நிதானத்தை எதிர்பார்ப்பது எளிதன்று. உடையின் எண்ணிக்கையை நாளும் அறிவித்த செய்திக்குறிப்புகளில், கழற்றும் அறைகளைப் பற்றி அரிதாகவே ஏதும் இருந்தது.

யாருக்கு எது?

பாதுகாப்பு உடைகளைப் பகுத்தறிவோடு பயன்படுத்துவது குறித்து 2020 மார்ச் 24-ஆம் தேதி சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், பணியிடங்களை ஆபத்தின் அளவு கொண்டு வகைப்படுத்தியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முழு உடை. சில இடங்களுக்கு என்95 முகக்கவசமும் கையுறையும். வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளருக்கு மூன்றடுக்கு முகக்கவசமும் கையுறையும். பற்றாக்குறைக் காலத்தில் இத்தகைய பங்கீடு தவிர்க்க முடியாதது. மருத்துவ அடிப்படையும் அதற்கு உண்டு. ஆனால் காகிதத்தில் ஆபத்தின் வரிசையாக இருந்தது நடைமுறையில் பதவியின் வரிசையாக மாறியதுதான் சிக்கல். காகிதத்தில் இருந்த மூன்றடுக்கு முகக்கவசமும் பல ஊர்களில் ஆஷா பணியாளரைச் சென்றடையவில்லை. துப்பட்டாவையோ சேலைத் தலைப்பையோ முகத்தில் சுற்றிக்கொண்டே தொற்றாளர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தனர்.

நாட்டில் ஆஷா பணியாளர்கள் சுமார் பத்து லட்சம் பேர். அவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்கள் என்பதே அரசின் விளக்கம். கொரோனா பணிக்காக அவர்களுக்கு அறிவிக்கப்பட்ட கூடுதல் தொகை மாதம் ஆயிரம் ரூபாய். 2020 ஆகஸ்டு 7, 8 தேதிகளில் அவர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். பாதுகாப்பு உடையும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. தில்லி ஜந்தர் மந்தரில் மறுநாள் கூடியவர்கள் மீது, ஊரடங்கு விதிகளை மீறியதாகக் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. தனிநபர் இடைவெளியைக் கடைப்பிடிக்கவில்லையாம். இதே ஆஷா பணியாளர்களுக்கு 2022 மே மாதம் உலக சுகாதார அமைப்பு தனது உலகளாவிய சுகாதாரத் தலைவர்கள் விருதை வழங்கியபோது, தில்லியிலிருந்து வாழ்த்துகள் குவிந்தன.

துப்புரவுத் தொழிலாளர்களின் பாதுகாப்பு உடை குறித்த மனு 2020 ஏப்ரல் நடுவில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வழிகாட்டுதல்கள் பின்பற்றப்படுகின்றன என்று மத்திய அரசு தெரிவித்ததை ஏற்று அது முடித்து வைக்கப்பட்டது. இத்தனைக்கும், மருத்துவர் கழற்றிப் போடும் உடையை எடுத்துச் செல்பவர் துப்புரவுத் தொழிலாளிதான். பயன்படுத்திய முகக்கவசம் மஞ்சள் பையில், பிளாஸ்டிக் முழு உடையும் கண்ணாடியும் கையுறையும் சிவப்புப் பையில் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதி வகுத்தது. 2020 ஜூன் முதல் டிசம்பர் வரையிலான ஏழு மாதங்களில் நாட்டில் சேர்ந்த கொரோனா மருத்துவக் கழிவு சுமார் 33 ஆயிரம் டன் என்கிறது அதே வாரியத்தின் கணக்கு. கழிவுக்கும் கணக்கு இருந்தது.

கட்சி பேதமற்ற விலை

தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் விலை ஏறும். அவசரக் கொள்முதல் என்றால் ஒப்பந்தப்புள்ளி விதிகள் தளரும். இதில் எந்தக் கட்சியின் ஆட்சி என்ற வேறுபாடு பெரிதாக இல்லை என்பதைப் பின்னாளில் வந்த இரு அறிக்கைகள் காட்டுகின்றன.

கர்நாடகத்தில் 2020-இல் பாஜக ஆட்சியின்போது சீன நிறுவனங்களிடமிருந்து மூன்று லட்சம் கவச உடைத் தொகுப்புகள், ஒன்று 2,100 ரூபாய்க்கும் மேலான விலையில் வாங்கப்பட்டன. அதே காலத்தில் உள்நாட்டு நிறுவனங்களின் விலை 330 ரூபாய் முதல் 1,400 ரூபாய் வரைதான் இருந்தது என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா ஆணையம் 2024-இல் அளித்த அறிக்கையில் கூறியது. அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 14.21 கோடி ரூபாய் என்று மதிப்பிட்ட ஆணையம், அன்றைய முதல்வர் எடியூரப்பா, சுகாதார அமைச்சர் ஸ்ரீராமுலு ஆகியோர் மீது சட்ட நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. ஆணையத்தை அமைத்தது காங்கிரஸ் அரசு. இது அரசியல் பழிவாங்கல் என்பது பாஜகவின் மறுப்பு.

கேரளத்தில் இடது முன்னணி அரசு 2020 மார்ச் மாத இறுதியில் ஒரு நிறுவனத்திடம் 550 ரூபாய்க்கு வாங்கிய தொகுப்பை, இரு நாள்களுக்குள் மற்றொரு நிறுவனத்திடம் 1,550 ரூபாய்க்கு வாங்கியது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. சட்டப்பேரவையில் 2025 ஜனவரியில் வைக்கப்பட்ட அந்த அறிக்கை, கூடுதல் செலவு 10.23 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. உடையே கிடைக்காத நாள்களில் கிடைத்த விலைக்கு வாங்க வேண்டியிருந்தது, உயிரா பணமா என்ற நிலை என்பது அன்றைய சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா தரப்பு விளக்கம். அந்த விளக்கத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவசரம் தீர்ந்த பின் விலைப்பட்டியலை அவை முன் வைக்க ஐந்து ஆண்டுகள் ஏன் ஆயின என்பதற்கு அதில் விடை இல்லை.

தொற்று தணிந்ததும் கவச உடைக்கான ஆர்டர்களும் வற்றின. அதற்காக இயந்திரம் வாங்கிய சிறு ஆலைகள் பல மீண்டும் பனியனுக்கும் சட்டைக்கும் திரும்பின. 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா மீண்டும் வந்தது. தொற்றியவர்களில் ஒரு தனியார் மருத்துவமனையின் சுகாதாரப் பணியாளரும் இருந்தார்.

மாறிக்கொண்டே இருந்த எண்

அணிந்தவர் கணக்குக்கு வருவோம். ராம்கோபால் யாதவ் தலைமையிலான சுகாதாரத் துறை நாடாளுமன்ற நிலைக்குழு, 2020 நவம்பர் 21-ஆம் தேதி மாநிலங்களவைத் தலைவர் வெங்கய்ய நாயுடுவிடம் தனது அறிக்கையை அளித்தது. தொற்றை எதிர்த்த பணியில் உயிரிழந்த மருத்துவர்களைத் தியாகிகளாக ஏற்று, குடும்பங்களுக்குப் போதிய இழப்பீடு வழங்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. எல்லாக் கட்சியினரும் இடம்பெற்ற குழு அது. தியாகி என்று ஏற்பதற்கு முதலில் பெயர் தெரிய வேண்டும்.

அடுத்த பதில் 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி மாநிலங்களவையில் வந்தது. மாநிலங்கள் அளித்த தகவலின்படி ஜனவரி 22 வரை 162 மருத்துவர்கள், 107 செவிலியர்கள், 44 ஆஷா பணியாளர்கள் இறந்தனர் என்று அதே இணையமைச்சர் தெரிவித்தார். ஐந்து மாதங்களுக்கு முன் இல்லாத கணக்கு இப்போது எப்படியோ கிடைத்திருந்தது. இறந்த மருத்துவர்கள் மட்டுமே 700-க்கும் மேல் என்று மருத்துவச் சங்கம் மீண்டும் மறுத்தது. துப்புரவுத் தொழிலாளி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பிணவறை உதவியாளர் என்ற பிரிவுகள் குறித்து அந்தப் பதிலில் பேச்சில்லை.

இதற்கிடையே, சுமார் 22 லட்சம் பணியாளர்களுக்காக 2020-இல் அறிவிக்கப்பட்ட 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு 2021 மார்ச் 24-ஆம் தேதியுடன் முடிவடைவதாக மாநிலங்களுக்குக் கடிதம் சென்றது. அதுவரை இழப்பீடு பெற்றவை 287 குடும்பங்கள். இரண்டாவது அலை மருத்துவமனைகளின் வாசலை எட்டிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. எதிர்ப்பு எழுந்த பின் ஏப்ரலில் திட்டம் நீட்டிக்கப்பட்டது. பின்னரும் சில முறை நீட்டிக்கப்பட்டு, 2022 ஏப்ரல் நடுவில் அரசு வெளியிட்ட குறிப்பின்படி தீர்வு காணப்பட்ட கோரிக்கைகள் 1,905. இந்த எண்ணை 155 என்ற முதல் எண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம்.

சொந்தக் கிளினிக்கைத் திறந்து வைத்திருந்து, நோயாளிகளைப் பார்த்து, தொற்றி இறந்த தனியார் மருத்துவர்களின் கதை வேறு. அவர்களின் சேவையை அரசு முறைப்படி கோரிப் பெறவில்லை என்று கூறிக் காப்பீடு மறுக்கப்பட்டது. ஊரடங்கிலும் கிளினிக்குகளைத் திறந்து வைக்குமாறு உத்தரவிட்ட பின் அது கோரிப் பெற்றதாகாதா என்று கேட்டு ஒரு குடும்பம் மும்பை உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் சென்றது. அன்றைய சட்டங்களையும் ஆணைகளையும் பார்க்கும்போது மருத்துவர்களின் சேவை கோரிப் பெறப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், கொரோனா பணியின்போதுதான் இறந்தார் என்பதை ஒவ்வொரு குடும்பமும் நம்பகமான சான்றுகளோடு தனித்தனியே நிறுவ வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய நோயாளிப் பதிவேடுகளையும் மருந்துச் சீட்டுகளையும் அவர்கள்தாம் இனித் தேடியாக வேண்டும்.